தோலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

நம்பிக்கை: படிகம் என்றால் பளபளக்கும் கல், மாட்டுத் தோலில் என்ன ஒழுங்கு இருக்கப்போகிறது?

சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தினமும் தோலைத் தொட்டு வேலை செய்பவர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. பளபளப்பு படிகத்துக்கு அடையாளமே அல்ல. 'கிரிஸ்டல்' என்று விற்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் அணுக்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தூவும் கல்லுப்புதான் அசல் படிகம். தோலின் முக்கியப் புரதமான கொலாஜன், உப்பைப்போல முழுப் படிகமல்ல. ஆனால் அதன் நாரில் சுமார் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை அதே அமைப்பு திரும்ப வருகிறது. எக்ஸ் கதிர் பாய்ச்சினால் நாரின் ஒழுங்கு படத்தில் விழும்.

நம்பிக்கை: கொலாஜனின் அமைப்பைக் கண்டுபிடித்தது வெளிநாட்டில்.

இல்லை, சென்னையில். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். அங்கே வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாரை வாங்கி, சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, 1954-ல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்: மூன்று சங்கிலிகள். 1955-ல், அம்மூன்றும் கயிறாக முறுக்கிக்கொண்டவை என்று இன்னும் தெளிவாக்கினார். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான், கயிற்றின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. சங்கிலிகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில், இதே அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கிரிக்கும் ரிச்சும் மாறுபட்டார்கள், அதில் அவர்கள் கணக்கே நின்றது. முப்புரி அசையவில்லை. தோல் தொழில் நடக்கும் ஊர்ப் பள்ளிகளில் இதை முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பேன்.

நம்பிக்கை: தோல் பதனிடும் குரோம் வெறும் நீலச் சாயம்.

குரோமில் பதனிட்டு ஈரமாக இருக்கும் 'வெட் புளூ' தோலின் நிறம் குரோமால் வருவதுதான். ஆனால் குரோமின் வேலை வேறு: பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் அமிலக் கிளைகளைப் பிணைக்கிறது. பச்சைத் தோல் வெந்நீரில் 60 டிகிரியைத் தாண்டும்போதே முறுக்கு அவிழ்ந்து சுருங்கிவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரிலும் சுருங்காது. பதம் பார்க்க ஒரு துண்டைக் கொதிக்கவிடுவது அதனால்தான்.

நம்பிக்கை: கொலாஜன் பொடி குடித்தால் நேரே சருமத்தில் சேரும்.

குடலில் அது துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். கயிற்றை உடலே புதிதாகத் திரிக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் நிறைய இருக்கிறது.