சூதும் கற்கத் தகுமோ?

சிராவகர் நீக்க வேண்டிய ஏழு வியசனங்களை எண்ணும்போது நம் ஆசாரியர்கள் சூதினையே முதலில் வைத்தனர். ஊனும் கள்ளும் நம் இல்லங்களுள் புகுவதில்லை என்று நாம் மகிழலாம். சூதோ இன்று வாயில் வழியே வருவதன்று. கைபேசி வழியே, கல்வி என்னும் பெயர் பூண்டு வருகிறது. நாம் நேரில் அறிய நேர்ந்த ஒன்றை முன்வைத்து இதனை எழுதுகிறோம்.

2024ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிறு. திருநெல்வேலியில் பொறியியல் பயின்றுவந்த நம் தங்கையின் மகன் பாளையங்கோட்டையிலுள்ள நம் இல்லத்திற்கு வந்தான். அவனை அழைத்துக்கொண்டு மருகால்தலைக்குச் சென்றோம். தாமிரபரணிப் பகுதியில் துறவியர்க்கென வெட்டப்பட்ட பழைய கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ள ஊர் அது. குன்றின் நிழலில் அமர்ந்தபோது அவன் மெல்லச் சொன்னான்: "மாமா, அடுத்த பருவத்துக் கல்விக் கட்டணம் போய்விட்டது."

வந்தவாசிப் பக்கம் மணிலா விளைத்து விற்று அவன் தந்தை அனுப்பிய பணம் அது. ஒரு செயலியில் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடி இழந்திருக்கிறான். அவன் ஆறுதல் நாடி வந்தானல்லன். கடன் கேட்டு வந்தான். "முதல் மூன்று வாரம் வென்றேன். பிறகுதான் தோற்றேன். இப்போது முறையாகக் கற்றுவிட்டேன். இழந்ததை மீட்டுவிடுவேன். இது சூதன்று, திறனாட்டம் என்று உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டதே!"

அவன் சொன்னது முழுப் பொய்யன்று. இவ்வழக்கின் வரலாற்றில் நம் மாவட்டத்திற்கும் ஓர் இடம் உண்டு. கூடங்குளம் காவல் நிலையத்தில் பதிவான ஒரு சீட்டாட்ட வழக்கு மதுரைக் கிளைக்குச் சென்றபோதுதான், 2020 சூலையில் நீதியரசர் பி. புகழேந்தி அவர்கள் இணையவழிச் சூதின் கேட்டினை எடுத்துரைத்து, அரசு அதனை ஒழுங்குபடுத்த வேண்டும் எனக் கருத்துரைத்தார். (சூதில் நாடிழந்த நளனை வெண்பாவில் பாடிய புலவர்க்கும் அதுவே பெயர் என்பது நினைந்து மகிழத்தக்கது.) அவ்வாண்டு நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தடைச் சட்டத்தைச் செல்லாதென்றது. நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் இயற்றப்பட்ட புதிய சட்டத்திற்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தி, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பாட்டங்கள் எனச் சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. மருமகன் பற்றிக்கொண்டது இவ்வொரு வரியைத்தான். அரசு எதைத் தடுக்கலாம் என்பது நீதிமன்றத்தின் முன் நின்ற வினா. தந்தையின் பணத்தைப் பணயம் வைக்கலாமா என்பது அங்கு எழவேயில்லை.

"சரி, கணக்குப் போடுவோம். கணக்கு இடங்கொடுத்தால் பணம் தருகிறோம்" என்றோம். தாளும் எழுதுகோலும் அவன் பையிலேயே இருந்தன.

முதலில் அவன் நமக்குக் கற்பித்தான். ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டு. பொதுவில் ஐந்து சீட்டு. நம் கையில் இரண்டு ஆட்டின். பொதுவில் விழுந்த நான்கில் இரண்டு ஆட்டின். இன்னும் ஓர் ஆட்டின் விழுந்தால் வெற்றி. நாம் காணாத சீட்டுகள் 46. அவற்றுள் ஆட்டின் 9. ஆகவே வாய்ப்பு நூற்றுக்கு 19.6. நடுவில் 300 ரூபாய் இருக்க, எதிராளி தன் கையிருப்பான 100 ரூபாய் முழுவதையும் வைக்கிறான். நாமும் 100 வைத்தால் 500க்குப் போட்டி. அதாவது நூற்றுக்கு 20 வாய்ப்பேனும் வேண்டும். இருப்பதோ சற்றுக் குறைவு. "ஆகவே சீட்டை வைத்துவிட வேண்டும், மாமா. கல்லாதவன் ஆசையால் தொடர்வான்."

பிள்ளை நன்றாகவே கற்றிருந்தான். இதில் கற்பதற்கு ஒன்றுமில்லை என்று நாம் சொல்லோம். வான் நாய்மன் என்னும் கணித அறிஞர் மார்கன்ஸ்டெர்னுடன் எழுதி 1944இல் வெளியிட்ட நூலில் போக்கரின் பொய்ப் பந்தயத்தையே கணிதமாக ஆராய்ந்தார். 2017 சனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினி நிரல் ஒன்று, தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. கற்றார் வெல்வர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. திரைக்கு அப்பால் அமர்ந்திருப்பது மனிதனா, அத்தகைய நிரலா என்பதை எவ்வாறு அறிவாய் என்று கேட்டோம். விடையில்லை.

அடுத்த கணக்கை நாம் கொடுத்தோம். ஒத்த திறனுடைய அறுவர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்கின்றனர். ஆட்டத்திற்குச் சராசரி 200 ரூபாய் நடுவில் குவிகிறது. நடத்துவோர் நூற்றுக்கு 5 கழித்துக்கொள்கின்றனர் எனக் கொள்வோம். ஆட்டத்திற்கு 10 ரூபாய். மணிக்கு 60 ஆட்டமெனில் 600 ரூபாய். அறுவர் கொணர்ந்த 6,000 ரூபாயும் பத்து மணி நேரத்தில் எங்கே? அவன் பெருக்கிப் பார்த்து, மீண்டும் பெருக்கிப் பார்த்தான். ஒருவரையொருவர் யாரும் வெல்லவில்லை. ஆயினும் அறுவர் மடியும் வெறுமை. வெல்பவன் மற்றவரினும் சிறிது திறன் மிக்கவனாயிருந்தால் போதாது. இக்கழிவையும் தாண்டும் அளவு மிக்கவனாயிருத்தல் வேண்டும்.

"நான் அத்தகையவன்தான்; மூன்று வாரம் வென்றேனே" என்றான். உண்மையில் இங்குதான் பிள்ளைகள் ஏமாறுகின்றனர். ஆகவே இதில் நெடுநேரம் நின்றோம். நூற்றுக்கு 52 முறை தலை விழும் நாணயம் ஒன்றும், 50 முறை விழும் நாணயம் ஒன்றும் உள்ளன என்க. நூறு முறை சுண்டினால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. நேர்மையான நாணயமும் 45, 55 என்று எளிதில் விழும். ஐயம் ஓரளவு நீங்கவே 2,500 முறை சுண்ட வேண்டும். சீட்டாட்டத்தில் ஒரே ஆட்டத்து வரவும் இழப்பும் நாணயத்தினும் பன்மடங்கு ஏறி இறங்குவன. தான் கற்றவனா, கல்லாதவனா என்று ஒருவன் அறிந்துகொள்ளும் முன்னரே கட்டணம் போய்விடும். அவன் கற்ற கணிதமே இதையும் சொல்கிறது. இப்பக்கத்தை மட்டும் அவன் புரட்டவில்லை.

அவன் விடவில்லை. "சூது கற்றுத்தானே நளன் நாட்டை மீட்டான்?" என்றான். மெய்தான். இருதுபன்னன் தான்றி மரத்தின் இலையும் காயும் எண்ணிச் சொன்ன வித்தையைத் தேரோட்டியாயிருந்த நளன் பெற்றான், புட்கரனை வென்றான். ஆனால் நளன் ஆடியது தன் நாட்டைக் கவர்ந்த அவனோடு மட்டுமே. உன் எதிரில் இருப்பவன் உன்னிடம் எதைக் கவர்ந்தான்? அவனும் எங்கோ ஒரு தந்தையின் பணத்தோடு அமர்ந்திருப்பான் அல்லனோ?

இதற்கு அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, தோற்றாலும் சினம் கொள்ளாமல் ஆடுக என்றே ஆட்ட நூல்கள் கற்பிக்கின்றன, அது நம் சமபாவம் அன்றோ என்று கேட்டான். நல்ல வினா. சினத்தை அடக்குவது எதற்காக? சினத்தை அடக்க மாட்டாதவன் தடுமாறும் வேளையில் அவன் பொருளைக் கொள்வதற்காக. குரோதத்தை அடக்கி, மாயையையும் லோபத்தையும் பயிற்றும் கல்வி அது. பொய்ப் பந்தயம் என்பதே பயின்று தேர்ந்த மாயை. அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அனர்த்த தண்டத்தை விலக்கச் சொல்லுமிடத்தே சூதினைக் கடிந்து, அதில் வஞ்சனை உறைவதைச் சுட்டியது இது பற்றியே எனலாம். கருவி தாயமாயினும் சீட்டாயினும் கைபேசியாயினும், பணயம் ஒன்றே.

பொழுது சாய்ந்தது. கணக்கு இடங்கொடுக்கவில்லை என்று அவனே சொன்னான். அவன் கையில் நாம் பணம் தரவில்லை. கட்டணத்தைக் கல்லூரியில் நேரே செலுத்தினோம். தந்தையிடம் சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு என்றோம். இறங்கிவரும் வழியில், பேருந்துக்குக் காத்திருக்கையில் தொலைபேசியில் சொன்னான். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. பிறகு, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டாராம்.

அக்கடனை அவன் பள்ளிப் பிள்ளைகட்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சிறுகச் சிறுகத் திருப்பினான். இறுதித் தவணை 2025 ஆகஸ்டில் வந்தது. திறனாட்டமாயினும் வாய்ப்பாட்டமாயினும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நடத்துவதைத் தடுத்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்ததும் அம்மாதமே, 22ஆம் நாள். செய்தித்தாளைக் காட்டியபோது அவன் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, மாலை வகுப்புக்கு நேரமாயிற்று என்று எழுந்தான். அன்றைய பாடம் நிகழ்தகவாம்.