தாரைப் படகு நீர்மேல் எழுமாறும் அதன் மந்தத்தின் காரணம் காணுமாறும்

பௌதிக வகுப்பிலே நியூற்றனின் மூன்றாம் விதியைப் பயிலும் மாணவர் பலர், அதனைப் பரீட்சைக்குரிய ஒரு வாக்கியமாகவே மனத்திற் கொள்கின்றனர். அவ்விதியையும், அலையின் இயல்பையும், வலுவின் கணக்கையும் ஒருங்கே விளக்கவல்ல பொறி ஒன்றுண்டு. அதுவே 'ஜெற்' படகு எனப்படும் தாரைப் படகு. அஃது இயங்கும் முறையினையும், ஆர்முடுகல் குன்றி மந்தமுற்றவிடத்து அதன் காரணத்தை ஆராயும் முறையினையும் இக்கட்டுரையில் எடுத்துக் கூறுவாம்.

தோற்றம்

நியூசிலாந்தின் தென் தீவிலே, மலைகளினின்று இறங்கும் ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து, பரற்கற்களின்மேல் ஆழமின்றிப் பரந்து ஓடுகின்றன. படகின் அடியிலே தொங்கும் விசிறி அத்தகைய ஆற்றில் நொடிப்பொழுதிற் கல்லில் மோதி உடையும். அந்நாட்டுப் பண்ணையாளரும் பொறிவல்லுநருமாகிய வில்லியம் ஹமில்ற்றன் (1899–1978) என்பார் இவ்விடரைத் தீர்க்க முயன்று, 1954ஆம் ஆண்டளவிலே தாரைப் படகைச் செம்மை செய்தார். நீரைப் பம்பியால் உறிஞ்சிப் பின்னே வீசும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. தாரையை நீருக்குள்ளே வீசாது, நீர்மட்டத்துக்கு மேலாகப் பின்னோக்கி வீசச் செய்தமையே அவர் கண்ட பெரும் பயன். அதனால் நீருக்கடியில் நீட்டிக்கொண்டு தடைசெய்யும் உறுப்பு யாதும் இல்லாதொழிந்தது.

1960ஆம் ஆண்டிலே இப்படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் பெருமலைப் பிளவினூடே எதிர்நீரில் ஏறிச் சென்றன. 1977ஆம் ஆண்டிலே, எவரெஸ்ற்றை வென்ற எட்மண்ட் ஹிலரி, மூன்று தாரைப் படகுகளுடன் கங்கையின் கழிமுகத்தினின்றும் புறப்பட்டு ஆற்றை எதிர்த்து மேலேறினார். நந்தப்பிரயாகையை அண்மிய ஓர் அருவியே அவர்தம் படகுகளைத் தடுத்து நிறுத்தியது.

உதைப்பு உண்டாகுமாறு

படகின் அடித்தளத்திலே கம்பிச்சட்டம் இட்ட வாயில் ஒன்று உளது. அதன் வழியே நீர் உட்புகும். பம்பிக்குள்ளே சுழலும் இதழ்ச் சக்கரத்தைச் சுழலி என்போம். சுழலி நீரை அமுக்கிப் பின்னே தள்ள, ஒடுங்கிய வாய்க்குழல் அந்நீரை விரைந்த தாரையாக வீசும். நீர் பின்னே செல்ல, படகு முன்னே செல்லும்.

உதைப்பின் அளவு, ஒரு செக்கனில் வீசப்படும் நீரின் திணிவையும், தாரையின் வேகத்துக்கும் படகின் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பெருக்கிப் பெறப்படும். செக்கனுக்கு 100 கிலோகிராம் நீர் 25 மீற்றர் வேகத்தில் வீசப்படுவதாகவும், படகு 5 மீற்றர் வேகத்திற் செல்வதாகவும் கொள்வோம். உதைப்பு 2000 நியூற்றன் ஆகும். படகு 15 மீற்றர் வேகத்தை எய்துங்கால், அதே தாரை தருவது 1000 நியூற்றனே. வேகம் கூடக்கூட உதைப்பு குறையும் என்பதை மாணவர் ஈண்டு நன்கு கருதுக.

அலைமேடும் சறுக்கோட்டமும்

மெல்லச் செல்லும் படகு, தன் எடைக்கு நிகரான நீரை விலக்கி மிதக்கின்றது. அணியம் நீரைப் பிளக்க ஓர் அலை எழும். படகு விரைய விரைய அவ்வலையின் நீளமும் வளரும். அலைநீளம் படகின் நீளத்துக்குச் சமனாகுங்கால், அணியம் ஒரு முகட்டிலும் பின்புறம் அடுத்த முகட்டிலும் நிற்கும். நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகுக்கு இந்நிலை மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றரில் நேரும். அதற்குமேல் விரைந்தால் பின்புறம் அலைப்பள்ளத்துள் அமிழ, அணியம் வானோக்கி நிமிரும். படகு தான் எழுப்பிய அலையாகிய மேட்டிலே தானே ஏறவேண்டியதாகின்றது. கப்பலின் நீளம், வேகம், அலைத்தடை என்பவற்றுக்கிடையேயுள்ள தொடர்பை மாதிரிப் படகுகளைக் கொண்டு ஆராய்ந்து நிறுவியவர் வில்லியம் புரூட் (1810–1879) என்னும் ஆங்கிலேயப் பொறியியலார்.

இம்மேட்டைக் கடந்துவிட்டால் நிலைமை மாறும். தட்டையான அடித்தளத்தில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பும் நீரே படகை மேலே தூக்கும். அணியம் தாழ்ந்து சமனுறும். படகு நீரைப் பிளவாது அதன்மேற் சறுக்கி ஓடும். இதனையே 'பிளேனிங்' என்பர். நாம் சறுக்கோட்டம் என்போம். அந்நிலையில் சில அங்குல ஆழமே படகுக்குப் போதுமானது. ஹமில்ற்றனின் படகு பரற்கற்களின்மேல் ஓடியது இவ்வாறே.

மேடேறுங்காலே எஞ்சினுக்குரிய உண்மைச் சோதனை. தடை மிகுவதும், உதைப்பு குறைந்துகொண்டிருப்பதும் அவ்வேளையிலேயே. ஆதலின் சிறு குறையும் அங்கே பெரிதாய்த் தோன்றும்.

எழுப்பும் முறை

முதலாவதாக, மூன்றடிக்குக் குறையாத ஆழத்திலே புறப்படல் வேண்டும். படகு நிற்கையில் வாயில் அடித்தரையை அண்மியிருத்தலின், ஆழமற்றவிடத்தில் மணலையும் கல்லையும் பாசியையும் உறிஞ்சிவிடும். இரண்டாவதாக, படகினுட் சேர்ந்த நீரை இறைத்துவிட்டு, ஏறியிருப்போரையும் பொதிகளையும் சற்று முன்னே அமர்த்துக. பின்புறப் பாரமே அணியத்தை நிமிர்த்துவது. மூன்றாவதாக, நேரே செல்க. திரும்புகையில் உதைப்பின் ஒரு கூறு பக்கமாய்க் கழியும். நான்காவதாக, அக்சிலேற்றரை ஒரேயடியாக முழுதும் திறவாது, இரண்டொரு செக்கனிற் படிப்படியாய்த் திறந்து, பின் முழுமையாகக் கொடுத்து, அணியம் தாழும்வரை தளர்த்தாதிருக்க. தாழ்ந்தபின் சிறிது தளர்த்தலாம். எனினும் மிகத் தளர்த்தினால் படகு மீண்டும் மேட்டின் பின்னே வீழும்.

மந்தத்தின் காரணம் காணல்

படகு மேடேறத் தயங்கினால், எஞ்சின் பழுதென்று உடனே கூறிவிடுதல் பலரது வழக்கம். அது முறையன்று. தாரைப் படகிலே நோயை அறிதற்கு ஒரு நல்ல நாடி உண்டு. அது சுழற்சிமானி.

விசிறிப் படகிலே, எஞ்சினின் சுழற்சி படகின் வேகத்தைச் சார்ந்து மாறும். பம்பியோ படகு நின்றாலும் ஓடினாலும் ஏறக்குறைய ஒரே சுமையையே எஞ்சின்மீது ஏற்றும். அது வாங்கும் வலு சுழற்சியின் கனத்துக்கு நேர்விகிதமானது. ஆகவே அக்சிலேற்றரை முழுதும் திறந்தவிடத்துக் காணும் சுழற்சி, எஞ்சின் தரும் வலுவையே அளந்து காட்டும். நலமான நாளிலே நிமிடத்துக்கு 4000 சுற்றுக் காட்டிய எஞ்சின், இன்று 3600 காட்டுமாயின், குறைவு பத்தில் ஒன்றே எனத் தோன்றும். 0.9ஐ மும்முறை பெருக்க வருவது 0.729. எனவே வலுவிற் கால்பங்குக்கு மேல் போயிற்று என்க.

இதனின்று மூன்று நிலைகள் பெறப்படும்.

(1) சுழற்சி வழக்கத்திற் குறைதல்: குறை பெரும்பாலும் எஞ்சினிலே உளது. எரிபொருள் வடி அடைபட்டதா, பெற்றோலில் நீர் கலந்ததா, தீப்பொறிக் கட்டைகள் தேய்ந்தனவா, காற்று வடி அழுக்கடைந்ததா, அக்சிலேற்றர்க் கம்பி முழுதும் இழுக்கின்றதா என ஒவ்வொன்றாய் நோக்குக. கயிறு தண்டிற் சுற்றிக்கொண்டு இறுகினாலும், தாங்கி பழுதுற்று இறுகினாலும் இவ்வாறு நேரலாம்.

(2) சுழற்சி வழக்கத்தின் மிகுதல்: எஞ்சின் ஓலமிடும், படகு நகராது. பம்பி நீரைச் செவ்வனே பற்றவில்லை என்பது இதன் பொருள். குறை திடீரென நேர்ந்ததாயின், வாயிலிற் பாசியோ பையோ அடைத்திருத்தல் கூடும். அதிர்வும் உடன்வந்தால் சுழலியிற் கல் சிக்கியிருக்கலாம். புறப்படுகையில் மாத்திரம் தோன்றி, அக்சிலேற்றரைத் தளர்த்த நீங்குமாயின், இதழ்களின் அருகே அமுக்கம் மிகத் தாழ்ந்து நீர் ஆவிக் குமிழிகளாகக் கொதிக்கின்றது எனக் கொள்க. திருப்பத்திலும் அலையிலும் தோன்றுமாயின் காற்று உட்புகுகின்றது. வாயிலைச் சூழ்ந்த மூட்டுகளிற் கசிவுண்டோ எனப் பார்த்தல் வேண்டும். மாதக்கணக்கிற் சிறிது சிறிதாக வளர்ந்ததாயின், சுழலியும் அதைச் சூழ்ந்த வளையமும் மணலால் தேய்ந்தன என்க. அவ்விரண்டுக்குமிடையே இருக்கவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அது விரிந்தால் தள்ளிய நீர் மீண்டும் பின்வாங்கிக் கசியும்.

(3) சுழற்சி வழக்கம்போல் இருத்தல்: எஞ்சினும் பம்பியும் பெரும்பாலும் குற்றமற்றவை. படகை நோக்குக. ஆள் மிகுந்ததா, அடித்தளத்திற் பாசியும் சிப்பியும் படிந்தனவா, பின்செல்லுதற்குரிய மூடி சற்றே தாழ்ந்து தாரையை மறிக்கின்றதா என ஆராய்க. இரட்டைத் தளத்துக்குள் நீர் கசிந்து தேங்குதல் பலர் காணாத குறை. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். 150 லீற்றர் தேங்கினால், காணப்படாத இருவர் பின்புறத்தில் அமர்ந்திருப்பதற்கு ஒக்கும்.

ஆகவே படகு நலமாயிருக்கும் நாளிலேயே, வழக்கமான பாரத்துடன் அதன் முழுச் சுழற்சியையும், சறுக்கோட்டத்தை எய்தச் செல்லும் செக்கன்களையும் ஏட்டிற் குறித்து வைத்தல் இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லாதவனுக்குச் சுழற்சிமானி காட்டும் எண் வெறும் எண்ணே.

உயிர்க் காப்பு

இவ்வாராய்ச்சி வேகத்தின்மேற் கொண்ட ஆசையால் மாத்திரம் வேண்டப்படுவதன்று. தாரைப் படகுக்குப் பொதுவாகத் தனிச் சுக்கான் இல்லை. தாரையைப் பக்கமாகத் திருப்பியே படகைத் திருப்புகின்றோம். எனவே உதைப்பு அற்றவிடத்துத் திருப்பமும் அறும். முன்னே பாறையைக் கண்ட புதியவன், அஞ்சி அக்சிலேற்றரை முற்றாக விடுகின்றான். அக்கணமே படகு அவன் கைக்கு அடங்காது, தான் சென்ற திசையிலேயே பாறையை நோக்கிச் செல்லும். சிறிது உதைப்பை விடாது வைத்துத் திருப்புவதே காப்பு. வாயில் பாதி அடைபட்ட படகில் ஆற்றின் விரைநீருட் புகுபவனும் அதே இடரையே வலிந்து தேடுகின்றான். மந்தத்தை உணர்ந்த படகைக் கரைசேர்த்த பின்னரே பயணத்தைக் குறித்துச் சிந்தித்தல் வேண்டும்.

வாயிலைத் துப்புரவு செய்யுமுன் எஞ்சினை நிறுத்தித் திறப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்க. சுழலும் தண்டு தலைமயிரையும் ஆடையையும் கயிற்றையும் ஒருங்கே பற்றும்.

மாணவர்காள்! அளந்து, ஒப்புநோக்கி, ஒன்றொன்றாய் நீக்கி உண்மை காணும் இம்முறை படகுக்கு மாத்திரம் உரியதன்று. வயலில் நீரிறைக்கும் பம்பிக்கும், வள்ளத்தில் மாட்டும் எஞ்சினுக்கும் அதுவே பொருந்தும். ஆய்கூடத்திற் கற்ற விதியைக் கைத்தொழிலிற் பொருத்திக் காணும் பழக்கத்தை நீவிர் இளமையிலேயே மேற்கொள்வீராக.