செராசிலிருந்து சிங்கப்பூருக்கு

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவு. விமானம், விரைவுப் பேருந்து, இரயில், மகிழுந்து என நான்கு வழிகளில் இதைக் கடக்கலாம். செராஸ் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூரில் உறவினர் உண்டு. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. திருமணம், நேர்முகத் தேர்வு, பள்ளி விடுமுறை என்று போய்வர வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. எதில் போனால் செலவு குறையும் என்பதே அப்போது வீட்டில் நடக்கும் முதல் பேச்சு.

பலர் கைப்பேசியில் பயணச்சீட்டுகளின் விலையை ஒப்பிட்டுப் பார்த்து, ஆகக் குறைந்ததை வாங்கிவிடுகின்றனர். பயணச்சீட்டின் விலை வேறு, பயணத்தின் செலவு வேறு. வீட்டு வாசலில் இறங்கியது முதல் உறவினர் வீட்டுக் கதவைத் தட்டுவது வரை ஆகும் தொகையைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கும்.

விமானத்தையே எடுத்துக்கொள்ளலாம். கோலாலம்பூர்–சிங்கப்பூர் வான்வழி உலகின் மிகப் பரபரப்பான அனைத்துலக வழித்தடங்களுள் ஒன்று. போட்டி மிகுதி என்பதால், முன்கூட்டியே பதிவு செய்வோருக்குச் சில வேளைகளில் வியப்பூட்டும் விலையில் இடம் கிடைக்கிறது. வானில் இருப்பது ஒரு மணி நேரந்தான். ஆனால், விமான நிலையமோ சிப்பாங்கில் இருக்கிறது. செராசிலிருந்து அங்குச் செல்ல வாடகை வண்டி அல்லது விமான நிலைய இரயில் கட்டணம் தேவை. இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேரவும் வேண்டும். மலிவு விலை விமானங்களில் கையில் எடுத்துச் செல்லும் பையின் எடை பொதுவாக 7 கிலோவைத் தாண்டக்கூடாது. பட்டுப்புடவைகளும் முறுக்கு டின்களும் நிறைந்த பெட்டிக்குத் தனிக்கட்டணம் உண்டு. திருமணத்துக்குப் போகிறவர்கள் 7 கிலோவில் அடங்குவது அரிது.

செராஸ்வாசிகளுக்கு இயற்கையாகவே அமைந்த ஒரு வசதி, பண்டார் தாசெக் செலாத்தானில் உள்ள டி.பி.எஸ். பேருந்து முனையம். முன்பு தெற்கு நோக்கிச் செல்பவர்கள் நகர நடுவிலிருந்த புடுராயாவுக்குப் போகவேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் டி.பி.எஸ். திறக்கப்பட்ட பின்னர் அந்த நெரிசல் தீர்ந்தது. ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில், செராஸ் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து மூன்றாவது நிறுத்தம் அது. முனையத்துக்குச் செல்ல ஆகும் செலவு சில ரிங்கிட்தான். அங்கிருந்து விரைவுப் பேருந்து வழக்கமான நாளில் ஐந்து அல்லது ஆறு மணி நேரத்தில் சிங்கப்பூரை அடைந்துவிடும். பையின் எடையைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

வழக்கமான நாளில் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் பயணிகள் பெட்டி படுக்கையுடன் இறங்கி, குடிநுழைவுச் சோதனையை முடித்து, மறுபடியும் பேருந்தில் ஏற வேண்டும். 1924இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலத்தைக் கடந்ததும், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் அதே வேலை இன்னொரு முறை. நாள்தோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் இந்த எல்லையைக் கடக்கின்றனர். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் அந்த ஒரு கிலோமீட்டருக்கே மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். வரிசையில் பின்தங்கிய பயணிக்காகப் பேருந்து நெடுநேரம் நிற்பதுமில்லை.

ஐரோப்பாவில் பாரிசுக்கும் பிரசல்சுக்கும் இடையே சாலைவழித் தொலைவு 300 கிலோமீட்டர் அளவில்தான். பிரான்சு, பெல்ஜியம் என்று அவையும் இரு நாட்டு நகரங்கள். எனினும், 1985இல் கையெழுத்தான செங்கன் உடன்படிக்கையின் பயனாக அங்கு எல்லையில் வழக்கமான கடப்பிதழ்ச் சோதனை இல்லை. அதனால், அங்குள்ள பயணி பேருந்தையும் இரயிலையும் ஒப்பிடும்போது விலையையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் போதும். இங்குள்ள பயணி எல்லையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

எல்லை நெரிசலுக்கு அஞ்சுவோர் இரயிலை நாடுகின்றனர். முன்பெல்லாம் கோலாலம்பூரில் ஏறினால் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலேயே இறங்கலாம். 2011 ஜூன் 30ஆம் நாளுடன் அந்த நிலையம் மூடப்பட்டது. இப்போது இ.டி.எஸ். மின்இரயிலில் ஜொகூர் பாரு சென்ட்ரல் வரை சென்று, அங்கிருந்து ஷட்டல் தெப்ராவ் என்னும் சிறு தொலைவு இரயிலில் உட்லண்ட்சுக்குச் செல்லலாம். செராசில் எம்.ஆர்.டி. ஏறுவோர் கே.எல். சென்ட்ரலுக்குப் போகாமல், எதிர்த்திசையில் காஜாங் சென்று அங்கே நிற்கும் இ.டி.எஸ். வண்டியைப் பிடிப்பதும் உண்டு.

2015இல் தொடங்கிய ஷட்டல் தெப்ராவ் பாலத்தைக் கடக்க எடுப்பது ஐந்தே நிமிடம். சாலையில் எத்தனை வாகனங்கள் தேங்கி நின்றாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால், இடங்கள் குறைவு. விடுமுறை நாள்களுக்கான சீட்டு விரைவில் விற்றுத் தீர்ந்துவிடும். அதன் கட்டணமும் வேடிக்கையானது. ஜொகூர் பாருவிலிருந்து போக 5 ரிங்கிட். உட்லண்ட்சிலிருந்து திரும்ப 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றுதான், நாணயம் வேறு. நால்வர் கொண்ட குடும்பம் போகும்போது 20 ரிங்கிட் கொடுக்கும். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் பெறுவதால், திரும்பும்போது 60 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கும். விரைவுப் பேருந்திலும் இந்த வேறுபாடு உண்டு. ஆகவே, விவரம் அறிந்தவர்கள் திரும்பும்போது உள்ளூர்ப் பேருந்தில் எல்லையைக் கடந்து, லார்க்கின் முனையத்தில் ரிங்கிட் கொடுத்துக் கோலாலம்பூர்ப் பேருந்தில் ஏறுகின்றனர். பணம் மிச்சமாகும், கால்தான் வலிக்கும்.

மகிழுந்தில் ஐவர் செல்வதானால் எரிபொருளும் சாலைக் கட்டணமும் பகிர்ந்துபோகும். எனினும், மலேசிய மகிழுந்து வேலை நாள்களின் பகலில் சிங்கப்பூருக்குள் இருந்தால் நாளொன்றுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி நுழைவு அனுமதிக் கட்டணம் உண்டு. ஆண்டுக்கு 10 நாள் விலக்கு அளிக்கப்படுகிறது. சனி, ஞாயிறுகளில் அக்கட்டணம் இல்லை. வாகனம் நிறுத்தும் செலவு தனி.

இனி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரில் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். ஞாயிறு நள்ளிரவுப் பேருந்து அவருக்கு ஓர் இரவுத் தங்கும் செலவை மிச்சப்படுத்தும். ஆயினும், திங்கள் விடியற்காலை என்பது ஜொகூரிலிருந்து வேலைக்குச் செல்வோர் அனைவரும் பாலத்தில் குவியும் நேரம். அங்கே இரண்டு மணி நேரம் தாமதமானால், மிச்சப்படுத்திய தொகைக்கு ஈடாக வேலையே கைநழுவும். அவர் ஞாயிறு பகலிலேயே புறப்படுவதுதான் சிக்கனம். மூட்டுவலியுள்ள பாட்டியை அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கும் பேருந்து ஏற்றதன்று. பெட்டியோடு இரண்டு முறை இறங்கி ஏறி, நீண்ட வரிசையில் நிற்க அவரால் இயலாது. முதுகுப்பை ஒன்றோடு, கால வரையறையின்றிக் கிளம்பும் மாணவருக்கோ பேருந்தைவிடப் பொருத்தமானது வேறில்லை. யாராயினும், சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இணையத்தளங்களை நம்பக்கூடாது.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். இரயில் இந்தக் கணக்கை மீண்டும் மாற்றவிருக்கிறது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடம் ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இறங்கிய இடத்தில் மறுபடி வரிசை இல்லை. அது ஓடத் தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் ஷட்டல் தெப்ராவ் சேவை நிறுத்தப்படும் என்பது ஏற்பாடு. அதன்பின் செராசிலிருந்து செல்லும் குடும்பம் ஜொகூர் பாரு வரை எதில் போவது என்பதை மட்டும் பேசி முடிவு செய்தால் போதும்.