துணி அல்ல, சட்டம்தான் ஒலியைக் கெடுக்கிறது

சொந்தமாக ஸ்பீக்கர் செய்கிறவர்களில் பலர் முகப்புத் துணி போடத் தயங்குவார்கள், ஒலி மங்கிவிடும் என்ற பயத்தில். சரியான துணி ஒலியை ஏறக்குறைய தடுப்பதே இல்லை; தொல்லை தருவது அதைத் தாங்கும் மரச்சட்டம். 1970களில் பி.பி.சி. உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ ஸ்பீக்கர், துணி மாட்டிக் கேட்பதற்கென்றே சரிசெய்யப்பட்டது. ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் ஒட்டி, விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒலியை அடக்கினார்கள்.

துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று தாராளமாகப் பட வேண்டும். ஸ்பீக்கருக்கென்றே விற்கும் பாலியஸ்டர் பின்னல் துணி நல்லது. பருத்தி ஈரத்தில் தொய்யும். இன்னும் சந்தேகமா? பாட்டை ஓடவிட்டு, ட்வீட்டர் முன் துணியைப் பிடித்தும் எடுத்தும் கேளுங்கள். ஜால்ராவின் கூர்மை குறைந்தால் வேறு துணி தேடலாம்.

இனி சட்டம். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 செ.மீ.தான், அதற்கு 9 மி.மீ. ப்ளைவுட் விளிம்புகூடக் குட்டிச்சுவர்தான். எனவே சட்டத்தின் உள்விளிம்பை 45 பாகை சரிவாகச் சீவி, திறப்பு பெட்டிப் பக்கம் குறுகியும் கேட்பவர் பக்கம் விரிந்தும் இருக்கச் செய்யுங்கள். பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடும் வேலை இது. ஆனால் இதில்தான் பலன் அதிகம். சட்டக்கால்கள் 25 மி.மீ. அகலமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் துணி இழுத்து உள்பக்கம் வளைந்துவிடும். வூஃபரின் ரப்பர் விளிம்பு 5 மி.மீ. துருத்தி, கூம்பு இன்னும் 5 மி.மீ. முன்னால் வருமென்றால் 9 மி.மீ. சட்டம் போதாது, 12 மி.மீ. எடுங்கள்.

சட்டத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசுங்கள். பூசாவிட்டால் மரம் துணிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும்.

சுற்றிலும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டிய துணியைக் கவிழ்த்து விரித்து, அதன்மேல் சட்டத்தின் முன்பக்கம் கீழிருக்கும்படி வையுங்கள். மேல்பக்க நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின், நேரெதிரே கீழே ஒன்று, பிறகு இடம், வலம். அங்கிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறி நகருங்கள். 6 மி.மீ. பின் போதும். நெசவுக் கோடு கோணினால் தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் அடிக்கடி திருப்பிப் பாருங்கள். மூலையில் மிஞ்சுவதை முக்கோணமாக வெட்டி மடியுங்கள். பழைய பி.பி.சி. ஸ்பீக்கர்களில் வந்த டைகன் துணிக்கு ஒரு சௌகரியம் உண்டு: ஹேர் டிரையர் சூட்டில் சுருங்கித் தானே விறைத்துக்கொள்ளும்.

மாட்டுவதற்கு 10 மி.மீ. நியோடிமியம் காந்தங்களைப் பெட்டியிலும் சட்டத்திலும் குழி தோண்டி எபாக்சியால் ஒட்டலாம். சட்டப் பக்கத்துக் குழிகளைத் துணி போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒட்டும் முன் ஈர்க்கும் முகங்களில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மாறி ஒட்டினால் சட்டம் துள்ளி விழும். மூலைகளில் மெல்லிய ஃபெல்ட் துண்டுகள் ஒட்டி, பேஸ் அதிகமுள்ள பாட்டைச் சத்தமாக ஓடவிடுங்கள். எங்காவது கிர்ரென்றால், சட்டத்தை விரலால் அங்கங்கே அழுத்துங்கள். சத்தம் நிற்கிற இடத்தில் இன்னொரு துண்டு ஒட்டுங்கள்.