மனநலம் பேணல்

உடல் நோயுற்றால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளம் சோர்வுற்றாலோ, பழவினையின் பயன் என்று கூறி வாளாவிருக்கிறோம். இஃது அறமன்று. சம்யுத்த நிகாயத்தில், மோலிய சீவகர் என்னும் பரிவிராசகர் வினவியபோது, இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வருவன என்னும் கொள்கையைப் பகவான் புத்தர் மறுத்தார். பித்தம், வாதம், பருவ மாறுதல், முறையற்ற வாழ்க்கை முதலியவற்றாலும் அவை தோன்றும் என்றார். ஆதலின் மனத்துயர் உற்றோர் பழிக்கத்தக்கவரல்லர், பேணத்தக்கவர்.

நாம் நாள்தோறும் கைக்கொள்ளத் தக்க பழக்கங்கள் நான்கு:

1. உறக்கம்: இரவில் ஏழு மணி நேரமேனும் உறங்குதல் வேண்டும். மது உறக்கம் தருவதுபோல் தோன்றினும் அதனைக் கெடுக்கும். ஐந்தாம் சீலம் ஈண்டும் துணையாகும்.

2. உடலுழைப்பு: வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் போன்ற உழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. அது கவலையையும் தணிக்கும்.

3. ஆனாபானசதி: காலையில் பத்து நிமிடம் அமர்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் அறிதல். மனம் அலைந்தால் கடியாது மீண்டும் மூச்சிற்குக் கொணர்வோம். அவ்வாறு கொணர்தலே பயிற்சி.

4. நல்லோர் நட்பு: துயரை நம்பத்தக்க ஒருவரிடம் உரைத்தல், பிறர் உரைக்குங்கால் அறிவுரை கூற விரையாது கேட்டல்.

இவற்றைக் கைக்கொண்டும் சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுக. உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். துறவியர்க்கும் மருந்தை இன்றியமையாப் பொருள் நான்கனுள் ஒன்றாக வைத்தவர் பகவான். இல்லறத்தாராகிய நாம் மருந்துண்ண நாணுவதேன்?