ஆவணம் காத்தல்

பெங்களூரின் ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ள பகுதி அடுகோடி. வேலை நாடி வந்து இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வீடுகள் சிலவற்றில் தாய் தையல் எந்திரத்தின் முன்னும், தந்தை கணினியின் முன்னும் அமர்ந்து பணி புரிகின்றனர். உறங்கும் அறையே அலுவலகமாகவும் விளங்குகிறது. அத்தகைய வீட்டில் வாடிக்கையாளரின் பற்றுச்சீட்டும் மகளின் பிறப்புச் சான்றிதழும் ஒரே பையில் கிடப்பின், வேண்டிய நாளில் வேண்டிய தாள் கைக்கு எட்டாது.

முன்னோர் முறை

எழுதியதைப் போற்றிக் காத்தல் தமிழர்க்குப் பழைய வழக்கம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என அவை விதிக்கின்றன.

சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்திலும் ஓர் ஆவண வழக்கு வருகிறது. சுந்தரர் தமக்கு அடிமை என்று கூறி முதியவர் ஒருவர் ஓலை காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் உரைத்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையோர், காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பு நோக்கினர். தீர்ப்பு முதியவர்க்கே சார்பாயிற்று. மூலத்தையும் படியையும் வெவ்வேறு இடத்தில் வைத்தல், ஒப்பிட வேறொரு சான்றைக் காத்தல் ஆகிய இரண்டும் இன்றைக்கும் ஏற்ற நெறிகளே.

இடம்பெயர்ந்தோரின் இடர்கள்

பேறுகாலத்திற்குத் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். பிறப்பு நிகழ்ந்த ஊரிலேயே அது பதிவு செய்யப்படுகிறது. ஆதலால் அடுகோடியில் பயிலும் சிறுமியின் பிறப்புப் பதிவு தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றில் இருக்கக்கூடும். சான்றிதழ் தொலைந்தால் அவ்வூர்ப் பதிவாளரையே நாடவேண்டும். பதிவு எண்ணும் நாளும் வீட்டில் குறிக்கப்பட்டிருப்பின் தேடுதல் எளிதாகும்.

வயதுச் சான்று இல்லாமையைக் காட்டி எக்குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. எனினும் சான்றிதழின் தேவை அத்துடன் முடிவதில்லை. 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்நாள் முதல் பிறந்தோர்க்கு ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் முதலியவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்குரிய சான்றாகும்.

பெயர் எழுதும் முறையிலும் இடர் உண்டு. ‘கயல்விழி’ என்னும் பெயரைக் காண்க. ழகரத்திற்குரிய எழுத்து கன்னடத்தில் வழக்கொழிந்தது. ஆகவே அங்கு அப்பெயர் ளகரம் பெறும். ஆங்கிலத்தில் எழுதுவோரும் ஒரே வகையாக எழுதுவதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும், மற்றொன்றில் விரிந்து பின்னும் நிற்கும். ஒருவரே இருவர் போலத் தோன்றுவர். பிறப்புச் சான்றிதழை முன்னால் வைத்துக்கொண்டே பிற படிவங்களை நிரப்புதல் இவ்விடரைத் தவிர்க்கும்.

வகைப்படுத்தும் முறை

வீட்டிலுள்ள தாள்களை நான்கு கோப்புகளாகப் பிரிக்கலாம்.

1. என்றும் காக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், நிலப் பத்திரம்.
2. புதுப்பிக்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தம், காப்பீடு, ஓட்டுநர் உரிமம்.
3. செலுத்திய தொகைக்குரியவை: பள்ளிக் கட்டண ரசீது, மின்கட்டண ரசீது.
4. தொழிலுக்குரியவை: வாடிக்கையாளர் கணக்கு, கொள்முதல் சீட்டு.

முதற்கோப்பின் அசல்களை ஈரமும் கரையானும் அணுகாத பெட்டியில் வைத்தல் வேண்டும். நகல்களை வேறிடத்தில் வைத்தல் நலம். 2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் வழியாகவும் அரசு வழங்கிய சான்றுகள் பலவற்றைப் பெறலாம். வீடு மாறும் நாளில் அப்பெட்டி லாரியில் ஏறாது, பெரியவர் ஒருவரின் கையிலேயே செல்லுதல் வேண்டும்.

ஒரு குறிப்பேட்டில் ஆவணத்தின் பெயர், எண், வழங்கிய நாள், முடிவு நாள், இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுக. அசல் வெளியே செல்லும்போது யாரிடம், எந்நாளில் சென்றது என்பதையும் குறிக்க. திரும்பி வந்ததும் அக்குறிப்பை அடித்துவிடுக.

திட்டமிடல்

ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தல் கட்டாயம். அதனால் பலர் 11 மாதங்களுக்கே ஒப்பந்தம் எழுதுகின்றனர். முடிவு நாளை மட்டும் நாட்காட்டியில் குறித்தால், அந்நாள் வந்தபின் செய்வதற்கு ஒன்றுமிராது. பத்தாம் மாதத் தொடக்கத்திலேயே ‘வீட்டு உரிமையாளரிடம் பேசுக’ என்று எழுதினால் ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் கிட்டும். முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே திட்டமிடலின் முதற்படி.

பெற்றோர் பணிக்களைப்பில் மறப்பதைப் பிள்ளைகள் நினைவூட்டலாம். தமிழும் கன்னடமும் படிக்கத் தெரிந்த பிள்ளை அவ்வீட்டின் ஓலைநாயகம் ஆகலாம்.

அருஞ்சொற்பொருள்

படியோலை – நகல்
மூலவோலை – அசல்
அவகாசம் – கால இடைவெளி
ஓலைநாயகம் – சோழர் காலத்தில் அரசாணை ஓலைகளுக்குப் பொறுப்பான அலுவலர்

பயிற்சி

1. உத்திரமேரூர்க் கல்வெட்டு யாருக்குத் தகுதி மறுத்தது?
2. அவையோர் வேறோர் ஓலையை வருவித்தது ஏன்?
3. பிரித்து எழுதுக: மூலவோலை, வழக்கொழிந்தது.
4. உன் பெயர் மூன்று ஆவணங்களில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைப் பெற்றோர் துணையுடன் ஒப்பிட்டுப் பட்டியலிடுக.