நாயின் இருதயக் கட்டியும் குருதி உறைதலும்

வளவையும் பட்டியையும் பலகாலம் காத்துவந்த முதிய நாயொன்று திடீரெனக் கால் தளர்ந்து விழுகின்றது. முரசு வெளிறி, மூச்சு வாங்குகின்றது. சில மணி நேரத்தின் பின் எழுந்து, மறுநாள் உணவும் உண்கின்றது. வெயிற் களைப்பென எண்ணி வீட்டார் அதனை மறந்துவிடுவர். இத்தகைய வீழ்ச்சிக்கு இருதயத்திலுள்ள கட்டியும் காரணமாகலாம். நாய் எழுந்தமை கொண்டு நோய் தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. கசிவு தற்காலிகமாக நின்றது, அவ்வளவே.

நாய்களின் இருதயத்தில் தோன்றுங் கட்டிகளுள் அதிகமாகக் காணப்படுவது எமஞ்சியோசார்க்கோமா எனப்படும் குருதிக்கலன் புற்றுநோயாகும். இது பெரும்பாலும் வலது சோணையறையின் சுவரிலே பற்றும். அல்சேசன், கோல்டன் றிற்றீவர் ஆகிய சாதிகளிற் கூடுதலாயினும் ஊர்நாய்களும் இதற்கு விலக்கல்ல. கட்டியிலுள்ள கலன்கள் ஒழுங்கற்றவையாதலின் எளிதில் வெடித்து, இருதயத்தைச் சூழ்ந்த பையினுட் குருதி கசியும்.

அப்பை விரைவில் விரியும் இயல்பினதன்று. மெதுவாகச் சேருந் திரவத்துக்கு நாளடைவில் இடங்கொடுக்கும். திடீரென நூறு மில்லிலீற்றர் அளவு சேரினும் இருதயம் நெருக்குண்ணும். மெல்லிய சுவருடைய வலப்பக்க அறைகளே முதலில் அமுங்குவன. நாளங்களால் வருங் குருதி உட்புக இடமின்றித் தேங்குவதாற் கழுத்து நாளம் புடைக்கும். கசிவு நீடித்தால் வயிற்றில் நீர் சேரும். இருதயம் விரைந்தடித்தும் ஒவ்வோர் அடிக்கும் வெளியேறுங் குருதி சொற்பமாதலால் நாடி மெலியும். இந்நிலையில் வயிற்று நீரைக் கண்டு, சிறுநீரைப் பெருக்கும் மருந்தைக் கொடுப்பது பெருந் தவறு. இருதயத்துட் புகுங் குருதி மேலுங் குறைந்து, நாய் மீண்டும் விழக்கூடும்.

மிருக வைத்தியர் ஊசியினாற் பையிலிருந்து எடுக்குங் குருதி வழமையாக உறைவதில்லை என்பது பலர்க்கும் வியப்பளிக்கும். அது முன்னரே பையினுள் உறைந்து, இருதய அசைவாற் கலக்குண்டு, உறைதற்கு வேண்டிய பைபிரினோசனையும் சிறுதட்டுகளையும் இழந்ததாகும். ஊசி தவறி இருதய அறையுட் புகுந்தால் வருங் குருதியோ கண்ணாடிக் குழாயில் உறைந்துவிடும். (கசிவு மிகப் புதிதாயின் பைக்குருதியும் உறைதலுண்டு.)

கட்டியின் கரடான கலன்களிலும் சிறுதட்டுகள் ஓயாது செலவாகின்றன. இதனால் உடலெங்கும் உறைதல் குன்றி, முரசிலும் தோலிலும் செம்புள்ளிகள் தோன்றலாம். எனினும் புள்ளியைக் கண்டவுடன் கட்டியென முடிவுசெய்தல் கூடாது. உண்ணிக் காய்ச்சலிலும், கண்ணாடி விரியன் கடியிலும், எலிமருந்து உண்டதாலும் குருதி உறைதல் கெடும். எலிமருந்துகளுட் பல உறைதலைத் தடுப்பனவே. அவற்றை உண்ட நாயை விற்றமின் கே காப்பாற்றும். கட்டியுள்ள நாய்க்கு அதனாற் பயனில்லை. ஆதலின் வளவில் எலிமருந்து வைத்தோர் வெட்கி மறையாது வைத்தியரிடம் கூறி, அதன் பெட்டியையுங் கொண்டுசெல்லல் வேண்டும்.

விழுந்த நாயை நடத்தாது பலகையிற் கிடத்திக் கொண்டுசெல்க. அசுப்பிரின் கொடுத்தல் ஆகாது. அது சிறுதட்டுகளின் தொழிலை மேலுங் கெடுக்கும். பையிலுள்ள குருதியை எடுத்தவுடன் நாய் சில நிமிடங்களிலேயே தேறுவதுண்டு. ஆயினும் கட்டி அகலாமையால் நாட்களிலோ வாரங்களிலோ கசிவு திரும்பும். சத்திரசிகிச்சையும் புற்றுநோய் மருந்துஞ் சேர்ந்தாலும் பெரும்பாலும் சில மாதங்களே கிடைக்கும். ஸ்கான் மூலம் கட்டி தெளிவானபின், மீண்டும் குருதி எடுப்பதா, நோவின்றி உயிர் பிரியச் செய்வதா என்பதை வீட்டார் வைத்தியருடன் பேசித் தீர்மானித்தல் வழக்கம்.